கருவித் தேர்வில் அறம் உண்டோ?

அறம் என்பது செயலில் இருக்கிறதா, செயலுக்கு முன்னரே தொடங்கிவிடுகிறதா என்பது பழைய வினா. கொலை, களவு, பொய் என்று செயல்களை வகுத்து, அவற்றைச் செய்தவனைத் தீயவனென்றும் செய்யாதவனை நல்லவனென்றும் சொல்லிவிடுதல் எளிது. ஆனால், ஒரு செயலுக்கு வேண்டிய கருவியைத் தெரிந்தெடுக்கும்போதே ஒருவன் நன்மையோ தீமையோ செய்துவிடுகிறான் என்றால் பலரும் நகைப்பர். "கருவி வாங்குதல் கடைக்காரனோடு பேசித் தீர்க்கும் காரியம், அதில் அறத்துக்கு என்ன வேலை?" என்று கேட்பர். அங்கேயும் அறத்துக்கு வேலை உண்டு என்பதே நமது கருத்து. அதனை விளக்கப் பெருவிலங்கு வேட்டைக்கு இரட்டைக்குழல் ரைபிள் தெரிந்தெடுக்கும் முறையை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

நேயர்கள் வியக்கக்கூடும். தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதிப் பிழைக்கும் கிராணிக்கும், பல ஆண்டுச் சம்பளத்தைச் சேர்த்து வைத்தாலும் வாங்க இயலாத இத் துப்பாக்கிக்கும் என்ன உறவு? உறவு உண்டு. அதைத் தோளில் பொருத்திச் சுட்டவர் நம்மவர் அல்லர். ஆனால் அதைச் சுமந்து பின்னே நடந்தவரும், பறையடித்துக் காட்டைக் கலைத்தவரும், குறி தவறியபோது அதன் பயனை அனுபவித்தவரும் நம்மைப் போன்ற எளியவரே. ஒரு கருவியால் வரும் பெருமை ஒருவருக்கும் அதனால் வரும் ஆபத்து வேறொருவருக்கும் போய்ச் சேருமானால், ஆபத்தைப் பெற்றவருக்கும் அக் கருவியைப்பற்றிப் பேச உரிமை உண்டன்றோ?

முதலில் கருவி இன்னதென்று அறிவோம். இரட்டைக்குழல் ரைபிள் என்பது உண்மையில் ஒரே கட்டையில் பொருத்திய இரண்டு துப்பாக்கிகள். குழல் இரண்டு, விசை இரண்டு, உள்ளே மருந்தைத் தட்டி எழுப்பும் பொறியும் இரண்டு. ஒரு பொறி முறிந்தாலும் மற்றது வேலை செய்யும். ஒரு குழலைச் சுட்டபின், துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலும் விலங்கின்மேல் வைத்த கண்ணை வாங்காமலும், விரலை அடுத்த விசைக்கு நகர்த்தினாற் போதும்; இரண்டாவது குண்டு புறப்படும். இதற்கு மாறாக, ஒரே குழலும் அடியில் மூன்று நான்கு தோட்டாக்கள் கொள்ளும் பெட்டியும் உடைய ரைபிளும் உண்டு. அதில் ஒவ்வொரு முறையும் தாழை இழுத்துத் தள்ள வேண்டும். அதற்குச் செல்லும் காலம் சிறிதே. ஆயினும், அடர்ந்த புதரிலிருந்து இருபது கஜ தூரத்தில் காயம்பட்ட யானை பாய்ந்து வருமானால், அது வந்து சேர இரண்டு விநாடிதான் ஆகும். அந்த இரண்டு விநாடிக்காகவே இரட்டைக்குழல் பிறந்தது.

இரு குழலையும் சேர்க்கும் வேலையே இதில் அரியது. வெறுமனே இணையாக ஒட்டிவிட்டாற் போதாது. சுடும் உதைப்பில் வலக்குழல் வலப்புறமாகவும் இடக்குழல் இடப்புறமாகவும் சற்று விலகும். ஆகையால் குழல்களின் நுனி உள்நோக்கிச் சாயுமாறு அமைத்து, இடையே சிறு ஆப்பு வைத்துப் பற்றாசிட்டு, சுட்டுப் பார்ப்பர். குண்டுகள் பிரிந்து சென்றால் பற்றை உருக்கி, ஆப்பை மயிரிழை நகர்த்தி, மறுபடியும் சுடுவர். இவ்வாறு பலமுறை செய்த பின்னரே ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இரு குண்டுகளும் ஓரிடத்தில் சேரும். அதுவும் ஒரு குறிப்பிட்ட எடையுள்ள குண்டுக்கும் ஒரு குறிப்பிட்ட அளவு மருந்துக்கும் மட்டுமே. தோட்டாவை மாற்றினால் இரு குழலும் இரு திசை நோக்கும். இதனாலேயே இதன் விலை உயர்ந்தது.

இதில் நாம் அறியவேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. 1898ஆம் ஆண்டில் ரிக்பி கம்பெனியார் .450 எண் ரைபிளை வெளியிட்டனர். குழலின் குறுக்களவை அங்குலத்தில் குறிப்பதே இந்த எண். பழைய கரிமருந்துக்குப் பதிலாகப் புகையெழுப்பாத கார்டைட் மருந்தைக் கொண்டு, 480 கிரெயின், அதாவது ஏறத்தாழ 31 கிராம் எடையுள்ள குண்டை, விநாடிக்கு 2,150 அடி வேகத்தில் அது செலுத்தியது. ஆனால் கார்டைட் வெயில் பொறுக்காத மருந்து. வெப்பம் ஏறினால் அதன் அழுத்தமும் ஏறும். இங்கிலாந்தின் குளிரில் பழுதின்றி வேலை செய்த துப்பாக்கி இந்தியாவின் கோடையில் சுட்ட தோட்டாவை வெளிவிடாது இறுகப் பற்றிக்கொண்டதுண்டு. ஆகவே வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டாக்கள் செய்தனர். கருவி செய்யப்படும் ஊர் ஒன்று. அது சோதிக்கப்படும் ஊர் வேறு. தேர்ந்தெடுப்பவன் பின்னதை எண்ண வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

இனி, இரண்டாவது குழல் எதன் பொருட்டு என்னும் வினாவுக்கு வருவோம். நம் பழந்தமிழ்ப் புலவர் வல்வில் ஓரியைப் பாடினர். ஒரே அம்பு யானையை ஊடுருவி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பையும் தைத்ததாம். முயலை வீழ்த்திய அம்பினும் யானைமேல் எறிந்து தவறிய வேலைக் கையில் ஏந்துதல் இனிது என்பது படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் வீரம். இவையெல்லாம் வீரனின் நெஞ்சை அளப்பவை. அந்த அளவில் அவை உயர்ந்தவை. ஆனால் நம் வினா வேறு. வேல் முற்றிலும் தவறினால் யானை பிழைத்துப் போகும், கேடில்லை. வேல் தைத்து, யானையும் சாகாமல் காட்டுக்குள் ஓடிவிட்டால் என்ன ஆகும்? புண்பட்ட விலங்கு எங்கே போகிறது? யாரை எதிர்ப்படுகிறது? இதை அப் பாடல்கள் பேசவில்லை. துப்பாக்கிக் கம்மியனோ இதை எண்ணினான். மனிதன் தவறுவான் என்பதை ஒப்புக்கொண்டு, தவறியதைத் தவறிய இடத்திலேயே திருத்துதற்கு ஒரு வழி வைத்தான். இரண்டாவது குழலின் பொருள் இதுவே.

இக் கருத்தை மனத்திற் கொண்டு, தேர்ந்தெடுப்போர் எவ்வாறு வழி தவறுகின்றனர் என்று பார்ப்போம். முதற் பிழை, பெரியதே நல்லது என்னும் மயக்கம். .600 எண் ரைபிளின் குண்டு 900 கிரெயின். நாம் மேலே கூறிய குண்டைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. துப்பாக்கியின் எடையும் ஏறத்தாழ ஏழு கிலோ. அதைச் சுமந்து வெயிலில் பத்து மைல் நடந்தவன் கை நடுங்காமல் குறிபார்க்க இயலுமா? அதன் உதைப்பை ஒருமுறை பட்டவன் அடுத்த முறை விசையை இழுக்குமுன்னரே கண்ணை மூடிக்கொள்வான். கண்ணை மூடிச் சுடுபவனுக்கு எந்தக் குண்டும் பெரிய குண்டன்று. இதனுடன் சேர்ந்தது அலங்கார மோகம். பக்கத் தகட்டில் யானையும் புலியும் செதுக்கி, பொன்னிழை பதித்து, கண்ணாடிப் பேழையில் வைக்கும் துப்பாக்கிகள் உண்டு. செதுக்குவேலை கலைதான், அதை நாம் பழிக்கவில்லை. ஆயினும், கட்டையின் நீளம் தன் கைக்குப் பொருந்துகிறதா என்று பாராமல் தகட்டின் சித்திரத்தைப் பார்த்து வாங்குபவன், விலங்கையும் எண்ணவில்லை, தன்னுடன் வரப்போகும் ஆட்களையும் எண்ணவில்லை.

இரண்டாவது பிழை, இதற்கு நேர்மாறான செருக்கு. "கரமோஜோ" பெல் என்று பேர்பெற்ற ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றுட் பெரும்பாலானவற்றை .275 போன்ற சிறு ரைபிளாலேயே வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்து, அத்துணைப் பெரிய தலையில் சிறிதாய் அமைந்த மூளை எங்கே இருக்கிறது, எப்பக்கத்திலிருந்து நோக்கினால் எவ்விடத்தில் குறிவைக்க வேண்டும் என்று அவர் கற்றார். அந்தக் கல்வியும் கைத்திறனும் இல்லாதவர்கள், "பெல் செய்தாரே, நாமும் செய்வோம்" என்று சிறு துப்பாக்கியோடு புறப்பட்டால், அவர்கள் எடுத்துச் செல்வது பெல்லின் கருவியை மட்டுமே. அவருடைய அறிவை அன்று. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெருவிலங்குகளைச் சுடுதற்கு .375 என்பதையொட்டி ஒரு கீழெல்லையைச் சட்டமே வகுத்திருப்பது, திறமை மிக்க ஒருவரை எண்ணியன்று. திறமை குறைந்த பலரை எண்ணியே.

எனின், எதைத் தேர்வது? அனுபவமுடையோர் பலரும் கூறும் விதி எளியது: தான் தடுமாற்றமின்றி, அச்சமின்றி, மெய்வருத்தமின்றிச் சுடக்கூடிய துப்பாக்கிகளுள் மிகுந்த வலிமையுடையது எதுவோ அதுவே அவனுக்கு உரியது. இவ்விதியில் இரண்டு பேர் அடங்கியிருக்கின்றனர். வலிமை என்பது விலங்கை நோக்கியது. அது நெடுநேரம் துடியாமல் சாகவேண்டும். தடுமாற்றமின்மை என்பது சுடுபவனை நோக்கியது. அவன் தன் அளவை உணரவேண்டும். ஆனால் மூன்றாம் பேர் ஒருவர் உண்டு. அவரை இவ்விதி வெளிப்படையாகச் சொல்லவில்லை. அவரைக் காண நாம் இமயமலையின் அடிவாரத்துக்குச் செல்லவேண்டும்.

1907ஆம் ஆண்டில், குமாவோன் நாட்டுச் சம்பாவத் என்னும் ஊரருகே ஜிம் கார்பெட் ஒரு பெண்புலியைச் சுட்டுக் கொன்றார். அப்புலி நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. மாண்டவருள் விறகு பொறுக்கவும் தழை ஒடிக்கவும் காட்டோரம் சென்ற பெண்கள் பலர். ஏறத்தாழ 300 கிராமத்தார் மலைமுகட்டில் நின்று கூச்சலிட்டுப் புலியைக் கலைத்தனர். கார்பெட்டிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். சுட வாய்ப்பது இரண்டு முறைதான் என்றும், மூன்றாவது ஆபத்துக்கு உதவும் என்றும் அவர் கருதியிருந்தார். மூன்றும் செலவாகியும் புலி நின்றது. உடன் வந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்த்தான் வேலையை முடித்தார். நூற்றுக்கணக்கான ஏழை மக்கள் தடியும் பறையுமாய் நின்ற அக்காட்டில், ஒரு தோட்டா கூடுமா குறையுமா என்பது எத்துணை பேருடைய உயிர்க்கணக்கு என்று எண்ணிப் பாருங்கள்.

இதனினும் பெரிய செய்தி புலியின் வாயில் இருந்தது. அதன் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் குண்டு ஒன்றினால் வந்த ஊனம் அது. அதனாலேயே இயற்கை இரையைக் கொல்ல மாட்டாமல் அப்புலி மனிதரை நாடியது என்று கார்பெட் எழுதினார். அக்குண்டைச் சுட்டவன் யார்? எவருக்கும் தெரியாது. எந்தத் துப்பாக்கி, எத்துணைத் தூரம், ஏன் தொடர்ந்து சென்று முடிக்கவில்லை, யாதும் தெரியாது. ஒருகால் அவன் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "ஒரு புலியைக் காயப்படுத்தினேன், அது தப்பிவிட்டது" என்று நண்பரிடம் பெருமை பேசியிருக்கக்கூடும். அவனுக்கு அது ஒரு மாலைப்பொழுதின் ஏமாற்றம். அதன் விலையைக் கொடுத்தவர்களோ அவனை ஒருநாளும் கண்டிராத 436 பேர்.

நாம் கூறிய மூன்றாம் பேர் இவர்களே. கருவி தவறினால் யார் தலையில் விழும் என்ற வினாவைத் தேர்வுக்கு முன்னரே கேட்டிருக்க வேண்டும். கேளாதவன் கெட்ட எண்ணம் உடையவனாய் இருக்கவேண்டுவதில்லை. அவன் மறந்தவன், அவ்வளவே. ஆனால் மறதியின் பயன் பகையின் பயனிற் குறைந்ததாய் இல்லை.

நல்ல கருவி கைக்கு வந்துவிட்டாற் போதுமா என்றால், அதுவும் போதாது. இதற்கு ஜார்ஜ் ஆர்வெல் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட யானையைச் சுட்ட கட்டுரை சான்று. பர்மாவின் மோல்மேன் நகரில் மதங்கொண்ட யானை ஒன்று திராவிடக் கூலி ஒருவனை மிதித்துக் கொன்றது. போலீஸ் அதிகாரி முதலில் கொண்டுவந்த சிறு துப்பாக்கி யானைக்கு ஆகாதென்று, பெருவிலங்குக்குரிய ரைபிளை இரவல் வாங்கினார். கருவி தக்கதே. ஆனால் யானையை அணுகியபோது அது மதம் தணிந்து புல்மேய்ந்துகொண்டிருந்தது. சுடவேண்டிய தேவை தீர்ந்துபோயிற்று. எனினும், பின்னே திரண்டுநின்ற இரண்டாயிரம் பேர் முன்னிலையில் நகைப்புக்கு இடமாகலாகாதென்றே அவர் சுட்டார். எங்கே குறிவைக்க வேண்டும் என்ற அறிவும் அவருக்கு இல்லை. யானை சாக அரைமணி நேரம் ஆயிற்று. வலிமையான துப்பாக்கி, அறியாமையின் கையிலும் வெட்கத்தின் கையிலும் அகப்பட்டுச் சித்திரவதைக் கருவியாயிற்று.

அக்கட்டுரையில் நம் நெஞ்சைத் தைப்பது மற்றொன்று. நடந்ததைப்பற்றி ஐரோப்பியர் தம்முள் வழக்கிட்டபோது, ஒரு கூலியைக் கொன்றதற்காக அத்துணை விலைபெற்ற யானையைச் சுட்டது தவறென்று இளையவர் சிலர் கூறினராம். அக்கூலியின் பெயர் கட்டுரையில் எங்கும் இல்லை. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போன நம் தென்னாட்டான் ஒருவன், யானைக்கு எதிரே தராசுத் தட்டில் வைக்கப்பட்டு, எடை குறைந்தவன் என்று தள்ளப்பட்டான். கருவியைப்பற்றி வழக்கிடுவோர் அதன் நிழலில் கிடப்பவனை எவ்வளவு எளிதில் மறந்துவிடுகின்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "கொல்லாமையை அறங்களுள் தலையாயது என்று போற்றும் தமிழன், கொல்லும் கருவியை நன்றாகத் தேர்ந்தெடு என்று உபதேசிக்கலாமா? கொல்லாதிருத்தலே அறம், எக்கருவி கொண்டு கொன்றாலும் பாவமே" என்பர். மறுப்பு வலியது. பொழுதுபோக்குக்காக உயிரைக் கொல்லுதல் தகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. இந்நாட்டிலேயே அதற்கு ஒரு பாடம் உண்டு. கோலாலம்பூர் இரயில் நிலையத்தைத் திட்டமிட்டுக் கட்டிய சிற்பியின் உடன்பிறந்தாரான தியோடர் ஹபக், யானையையும் செலாடாங் என்னும் காட்டெருதையும் வேட்டையாடி, அதைப்பற்றி 1905ஆம் ஆண்டில் நூலும் வெளியிட்டவர். அவரே பிற்காலத்தில் விலங்குகளின் காவலராக மாறி, 1930களில் மலாயாவின் வனவிலங்கு நிலையை ஆராய்ந்த கமிஷனை நடத்தினார். அம்முயற்சியின் பயனாய் அமைந்த தேசிய வனமே தாமான் நெகாரா என்னும் பெயருடன் நிலவுகிறது. 1974ஆம் ஆண்டு முதல் மலேசிய வனவிலங்கு இலாகாவினர், தோட்டங்களிற் புகும் யானைகளைப் பிடித்துத் தொலைவிலுள்ள காடுகளுக்குக் கொண்டுசென்று விடுகின்றனர். சுடுவதைத் தவிர வழியில்லை என்று ஒரு காலத்தில் எண்ணிய இடத்தில் வேறு வழி கண்டனர். முதற்றேர்வு எந்தத் துப்பாக்கி என்பதன்று. துப்பாக்கி வேண்டுமா என்பதே.

ஆயினும் அம்மறுப்பு முழுவதையும் தீர்த்துவிடவில்லை. ஊருக்குள் வந்து மனிதரைத் தின்னும் புலியின் முன் யாரேனும் ஒருவர் நின்றே ஆகவேண்டும். ஆப்பிரிக்க வனங்களில் பயணிகளை நடத்திச் செல்லும் காவலர், பெருந்துப்பாக்கியைத் தோளில் சுமந்தே நடக்கின்றனர். அதைச் சுடாமல் மாலையில் வீடு திரும்புவதையே தம் திறமையாகக் கருதுகின்றனர். இத்தகையோரிடம், "கொல்லாமை நன்று" என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் விலகிக்கொண்டால், நம் கை தூய்மையாக இருக்கலாம். ஆனால் விறகு பொறுக்கும் பெண்ணுக்கு அதனால் பயனில்லை. கொல்லாமையை மேற்கொண்டவனுக்கும், தவிர்க்கவியலாத இடத்தில் குறைந்த துன்பம் எது என்று ஆராயும் கடமை உண்டு. அக் கடமையைத் தட்டிக்கழிப்பது கருணையாகாது.

இவ்வாராய்ச்சியால் நமக்கு என்ன ஊதியம்? நம்முள் எவரும் யானை ரைபிள் வாங்கப்போவதில்லை. ஆனால் நாள்தோறும் கருவிகளைத் தேர்கிறோம்; அவற்றைப் பயன்படுத்துபவரோ பிறர். தோட்டங்களில் களையை அழிக்கப் பாராகுவாட் என்னும் நஞ்சைப் பல்லாண்டு தெளித்தனர். விலை மலிவு, வேலை விரைவு. அது வயிற்றிற் சென்றால் மாற்றுமருந்து இல்லை. மலேசிய அரசாங்கம் 2002இல் அதைத் தடுக்க முற்பட்டு, 2006இல் தளர்த்தி, 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து முற்றிலும் தடை செய்தது. விலைப்பட்டியலைப் பார்த்து இதைத் தேர்ந்தவர் நாற்காலியில் இருந்தார். முதுகில் பம்பைச் சுமந்து வரிசை வரிசையாய் நடந்து, நகம் கறுத்து, மூக்கில் இரத்தம் வடிந்தவர்கள் நம் பெண்கள். களை சாகுமா என்று கேட்டனர்; காற்று திரும்பினால் யார் முகத்தில் படும் என்று கேட்டாரில்லை. சம்பாவத்துக் காட்டில் கேளாமல் விட்ட கேள்வியே இங்கும் கேளாமல் விடப்பட்டது.

ஆகவே, கருவி எதுவாயினும், அது துப்பாக்கியோ, மருந்தோ, பொறியோ, சட்டமோ ஆகுக, அதைத் தேர்வோர் மூன்று கேள்விகளுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். இது இல்லாமலே காரியம் நடவாதா? இதைக் கையாளும் அறிவும் அளவும் நமக்கு உண்டா? இது தவறினால் அத் தவற்றைச் சுமப்பவர் யார், அவருக்கென்று நாம் வைத்திருக்கும் இரண்டாவது குழல் எது? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத தேர்வு, எத்துணை மலிவாயினும் எத்துணை அழகாயினும், தள்ளத்தக்கதே. அதைக் கேட்கும் உரிமை கடைக்காரனுக்கும் வாங்குபவனுக்கும் மட்டும் உரியதென்று எண்ணற்க. பறையடிப்பவனுக்கும் பம்பு சுமப்பவளுக்கும் அது உரியது. அவர்கள் கேட்கத் துணியாத இடத்தில், எழுத்தறிந்தவர்களாகிய நாம் அவர்களுக்காகக் கேட்போமாக.